வேன் தரையைப் பிரித்துப் பார்த்தேன், வயிறு எரிகிறது

மூன்று நாளாகியும் கோபம் அடங்கவில்லை. காசு போனதற்காக மட்டும் இல்லை. வேன் தரைக்குச் சூடு தடுக்கும் அடுக்குப் போடச் சொல்லி, கேட்டுக் கேட்டுச் சொன்ன ஒரு வேலையை, கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று இப்படிச் செய்து மூடியிருக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், முட்டி தேய்ந்துபோய்விட்டது, பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. அவரையும் அம்மாவையும் படுக்க வைத்தே கேமரன் மலைக்கும் கடலோரத்துக்கும் கூட்டிப்போகலாம் என்றுதான் பழைய ஹையேஸ் வேன் ஒன்றை வாங்கினேன். ஹையேஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, எக்ஸாஸ்ட் குழாய் தரைக்குக் கீழேயே பின்னால் ஓடுகிறது, போதாததற்கு உச்சி வெயிலில் தார் ரோட்டுச் சூடு வேறு. சூட்டுத் தடுப்பு கூரைக்கு எவ்வளவு முக்கியமோ தரைக்கும் அவ்வளவு முக்கியம் என்று பட்டறையில் முதல் நாளே சொன்னேன். "தம்பி, நம்ம ஊரு வெயில் மேலேருந்துதான வருது, தரைக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்றார் பட்டறைக்கார அண்ணன். இல்லண்ணே, செய்யுங்க என்று 1,800 வெள்ளி கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டே மாதம். கதவைத் திறந்தால் ஈரத்துணி மக்கிய வாடை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வினைல் விரிப்பை உரித்து, பிளைவுட்டைக் கழற்றினேன்.

முதலில் தெரிந்தது, கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் பஞ்சு. ஒரு மூலையைப் பிடித்துப் பிழிந்தேன், தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. அது துரு. அதற்குக் கீழே வெள்ளை பாலிஸ்டிரீன் அட்டை, பெட்டியில் டிவி வரும்போது கூட வருமே அது. செருப்பு ஒட்டும் மஞ்சள் கம்மைத் தடவி அதை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கம்மில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டிரீனைத் தின்றுவிடும், தடவி ஐந்து நிமிஷம் நின்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கம் பட்ட இடமெல்லாம் கரையான் அரித்த மரம் மாதிரிக் குழி குழியாக, அந்தக் குழிகளில் தண்ணீர். தகரத்தில் நீளமாக ஓடும் பள்ளங்களை நிரப்பவே இல்லை, அதிலும் தண்ணீர். முன்பக்க இடது மூலையில் ஸ்க்ரூடிரைவரை லேசாக வைத்தேன், உள்ளே போய்விட்டது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? மழை ஒழுகவில்லை, பார்த்துவிட்டேன். காற்றிலிருந்துதான் வந்தது. நம் ஊர்க் காற்று எந்நேரமும் ஈரம் சுமந்தே இருக்கிறது, 23, 24 டிகிரிக்குக் கீழே ஒரு தகரம் குளிர்ந்தால் போதும், வியர்க்கும். ஏர்கோன் போட்டு ஓட்டினால் வெளியே இருக்கும் ஈரம் உள்ளே குளிர்ந்த பக்கம் தேடி வரும். அதே வேனை இரண்டு மணி நேரம் ஓட்டி கேமரனில் இரவு நிறுத்தினால் நேர் எதிர், வெளியே குளிர், உள்ளே மூன்று பேர் விடும் மூச்சு, தகரத்தின் உள்பக்கம் வியர்க்கும். பனி விழும் நாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டும் முறையை அப்படியே இங்கே போட்டால் சரிவராது. தண்ணீர் குடிக்காத, உள் குமிழ்களெல்லாம் மூடிய ஃபோம்தான் வேண்டும், அதுவும் தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஓரமெல்லாம் அடைத்து. இதைச் சொன்னால் "அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை" என்கிறார்கள்.

இன்னொருவர் பளபளக்கும் குமிழ்த்தாள் போடச் சொன்னார். அது பக்கத்தில் காற்று இடைவெளி இருந்தால்தான் சூட்டைத் திருப்பி அனுப்பும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் நசுக்கி வைத்தால் வெறும் நாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக், அவ்வளவுதான். "கெட்டியான பிளைவுட் போட்டால் போதும்" என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் ஃபோம் (நான் சொன்ன அந்த மூடிய குமிழ்ப் பலகை) தடுக்கும் சூட்டைப் பிளைவுட் மட்டும் தடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய நாலு அங்குலம் போட வேண்டும். ஹையேஸுக்குள் நாலு அங்குல உயரத்தை யார் விட்டுக்கொடுப்பது?

இதெல்லாம் கூடப் பரவாயில்லை என்று ஆகிவிட்டது, வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது. பலகையைப் பிடிக்க நீள நீளமான ஸ்க்ரூவைத் தகரம் துளைத்து இறக்கியிருக்கிறார்கள். கூர்முனைகள் வரிசையாகக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் துரு வளையம். அதில் ஒன்று பிரேக் குழாயிலிருந்து ஒரு விரல் தூரம். ஒரு விரல்! அந்தப் பக்கம்தான் பெட்ரோல் டேங்கும் இருக்கிறது. இதை ஓட்டிக்கொண்டுதான் நான் என் அப்பா அம்மாவை சிம்பாங் புலாய் மலைப்பாதையில் ஏற்றி இறக்கினேன். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பட்டறைக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். "பஞ்சு நனையாமப் பாத்துக்கணும் தம்பி" என்று என் மேலேயே திருப்பிவிட்டார்.

இனி யாரிடமும் கொடுக்கப் போவதில்லை. துருவைச் சுரண்டி, மிச்சத் துருவை அடக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் இரண்டு கோட் அடித்தாகிவிட்டது. ஈப்போவில் எக்ஸ்பிஎஸ் பலகை வாங்கி வந்து, பள்ளங்களுக்குத் தனித்தனியாகப் பட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன், கரைப்பான் இல்லாத பாலியூரித்தேன் பசையால் ஒட்டப் போகிறேன், தகரத்தில் ஒரு ஸ்க்ரூகூட இறங்காது. இடது மூலைக்கு மட்டும் வெல்டிங் வேண்டும், சனிக்கிழமை ஆள் வருகிறார். வெல்டிங் முடியாமல் ஃபோம் பக்கம் போக முடியாது, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதுவரை வேன் போர்ச்சில் தரையில்லாமல் நிற்கிறது, அப்பா தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போகிறார்.