ஆண் மே ஈக்களை இனம் காண்பது குறித்து

பிரிட்டன் ஆற்றோரங்களில் காணப்படும் மே ஈக்களை (நீரில் வளர்ந்து இறகுடன் வெளிவரும் பூச்சிகளை) இறகின் நிறத்தையும் வால் இழைகளின் எண்ணிக்கையையும் கொண்டே இனம் பிரித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை கூறுகிறது. அவ்விரண்டும் பேரினத்தை நெருங்க மட்டுமே உதவும் என்பதை அக்கறையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். முதலில், கையில் இருப்பது முழு வளர்ச்சி பெற்ற ஆண்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். இறகு மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் இன்னொரு முறை தோலுரிக்க வேண்டிய முன்நிலையாகும். ஆணின் முன்னங்கால்கள் மிக நீண்டவை. பேட்டிஸ், குளோயான் ஆகிய பேரினங்களின் ஆண்களில் கண்ணின் மேற்பகுதி தலைப்பாகை போலத் தனியே உயர்ந்து நிற்பதால் ஐயத்துக்கே இடமில்லை. இரண்டுக்கும் வால் இழைகள் இரண்டுதான். ஆனால் பேட்டிசுக்குச் சிறிய பின்னிறகு உண்டு, குளோயானுக்கு இல்லை.

எபிமெரா பேரினத்தில் வயிற்றுக் குறிகள் பெரிதும் துணைசெய்கின்றன: டானிகா என்ற இனத்தின் வெளிறிய வயிற்றில் பழுப்புக் குறிகள் பின்கண்டங்களில்தான் (பின்புற வளையப் பகுதிகளில்தான்) அழுத்தமாக இருக்கும், வல்காட்டா என்ற இனத்தில் அவை ஏறக்குறைய எல்லாக் கண்டங்களிலும் முக்கோணமாகத் தெரியும். பேட்டிஸ் இனங்களுக்கோ இத்தகைய குறிகள் போதாது. வயிற்றின் ஒன்பதாம் கண்டத்திலிருந்து நீளும், இணையும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவும் இடுக்கி உறுப்பின் கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்த பின்பே முடிவுக்கு வர வேண்டும். ஆல்கஹாலில் இட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால், கண்ணின் நிறத்தை உயிருள்ளபோதே குறித்துக்கொள்வது மிகவும் அவசியம்.