மூன்றாவது நிறுவையை யார் தொட்டது?

இந்தக் கிழமை மூன்று பேர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மொங்கோடிபி டேட்டாபேஸில் அரேக்குள் (பட்டியலுக்குள்) இருக்கிற அரேயில் ஒரேயொரு உருப்படியை மட்டும் எப்படி அப்டேட் செய்வது? பதில் இருக்கிறது, கீழே சொல்லுகிறேன். ஆனால் அதை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கோபிக்க வேண்டாம், நானும் அங்கேதான் வைத்தேன், போன பெரும்போகத்தில் வாங்கிக் கட்டியும் கொண்டேன்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு அரிசி மில்லுக்கு நெல் வாங்கும் கணக்கைச் செய்து கொடுத்தேன். ஒரு விவசாயிக்கு ஒரு டொக்கியுமென்ட், அதாவது டேட்டாபேஸில் ஒரு பதிவு. அதற்குள் அவருடைய வயல்கள், ஏனென்றால் ஒருவருக்கே இரண்டு மூன்று வட்டையில் (வயல்வெளியில்) காணி இருக்கும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் நிறுவைகள்: எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, காசு கொடுத்தாயிற்றா இல்லையா. போடியார் (பெரிய வயற்காரர்) கொப்பியில் எழுதுகிற அதே அடுக்கு. ஒருமுறை வாசித்தால் முழுக் கணக்கும் திரையில் வந்து விழும், எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அறுவடை தொடங்கியதும் அந்த மரியாதை போனது. "காசு கொடுத்தாயிற்று" பொத்தானை அழுத்தினால் வயல்கள்.0.நிறுவைகள்.2.காசு என்று இலக்கத்தை வைத்து மாற்றுகிற மாதிரி எழுதியிருந்தேன் (எண்ணிக்கை 0 இல் தொடங்கும், 2 என்றால் மூன்றாவது). காசாளர் காலையில் திறந்த பக்கத்தை அப்படியே வைத்திருந்தார். இதற்கிடையில் தராசடியில் நின்ற அக்கா, இரண்டு தரம் பதிந்துவிட்ட ஒரு நிறுவையைக் கண்டு அழித்துவிட்டார், அரேயிலிருந்து உருப்படியை நீக்குகிற டொலர்புல் ($pull) கட்டளை அதை எடுத்ததும் பின்னால் இருந்தவை எல்லாம் ஓரிடம் முன்னுக்கு வந்துவிட்டன. காசாளர் மூன்றாவதுக்குக் காசைக் கொடுத்துப் பொத்தானை அழுத்த, அந்த இடத்துக்கு நகர்ந்து வந்த 41 மூட்டை நிறுவை "கொடுத்தாயிற்று" என்று மாறிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. டேட்டாபேஸ் சொன்னதைச் சரியாகத்தான் செய்தது.

பின்னேரம் போடியார் வந்து நின்றார். "என்ன மனே, எடுக்காத காச எடுத்தெண்டு காட்டுது உன்ட பெட்டி?" அக்காவின் கொப்பி இல்லாவிட்டால் அன்றைக்கு நான் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்.

சரி, முறையான வழி. ஒரு மட்டம்தான் என்றால் வெறும் டொலர் குறி ($, தேடலில் பொருந்திய உருப்படி என்று பொருள்) போதும்: தேடலில் வயலின் ஐடியைக் கொடுத்து, அந்த வயலின் நிறுவைகளுக்குள் புதிதாக ஒன்றைப் புஷ் செய்யலாம். உள்ளே இரண்டாவது அரேயிலும் ஒன்றைத் தேர்ந்து மாற்ற வேண்டும் என்றால் ஒரே பாதையில் இரண்டு டொலர் போட முடியாது, பிழை தரும். 2017 இல் வந்த 3.6 பதிப்பில்தான் இதற்கு விடிவு. வயல்கள்.$[வ].நிறுவைகள்.$[ந].காசு என்று எழுதி, வ எந்த ஐடி, ந எந்த ஐடி என்பதை அரேபில்டர்ஸ் (arrayFilters) என்ற பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டும். (இங்கே விளங்குவதற்காகத் தமிழில் எழுதினேன், உண்மையில் அந்தப் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும்.) இலக்கம் நகர்ந்தாலும் ஐடி நகராது, அவ்வளவுதான் விஷயம்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. டிரைவரை (கோடை டேட்டாபேஸோடு இணைக்கிற நூலகத்தை) நேரடியாகப் பாவிக்கிறவர்கள் ஒப்ஜெக்ட் ஐடியை (மொங்கோடிபியின் தனி ஐடி வகை) வெறும் எழுத்தாக, ஸ்ட்ரிங்காகவே பில்டரில் கொடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது, பிழையும் வராது. பொருந்திய டொக்கியுமென்ட் 1, மாறியது 0 என்று பதில் வரும். பெரும்பாலானோர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஓம், வேலை செய்யுது" என்று எழும்பிப் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன்.

முழு டொக்கியுமென்டையும் எடுத்து, கோடில் மாற்றி, திரும்ப அப்படியே சேமித்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். தராசடியில் ஒருவர், காசு மேசையில் ஒருவர், இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் சேமித்தால் பிந்தியவருடையது மட்டும் மிஞ்சும். அறுவடைக் காலத்தில் அது தினமும் நடக்கும்.

அரேபில்டர்ஸ் எனக்குக் கைகொடுத்ததுதான், ஆனாலும் இரண்டு மூன்று கிழமையில் அதைக் கழற்றிவிட்டேன். நிறுவை தனியாக வருகிறது, தனியாகத் திருத்தப்படுகிறது, அதைத் தொடுகிறவர் வேறு, வயலைத் தொடுகிறவர் வேறு. அப்படிப்பட்ட ஒன்று ஏன் மூன்று கதவுக்குள்ளே இருக்க வேண்டும்? நிறுவைகளுக்கென்று தனிக் கலெக்‌ஷன், விவசாயி ஐடியால் விரைவாகத் தேட ஒரு இன்டெக்ஸ், முடிந்தது. போன் நம்பர், வங்கி இலக்கம், வயல் எந்த வட்டையில் என்பது எல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, அவை வருடத்தில் ஒருமுறைகூட மாறுவதில்லை. "ஒரு டொக்கியுமென்டுக்கு 16 எம்பி வரைக்கும் இடம் இருக்கே மச்சான்" என்பது நியாயமே இல்லை, வீட்டில் இடம் இருக்கிறது என்பதற்காக நெல்லைக் கட்டிலில் கொட்டுவோமா?

பிரித்ததற்கும் ஒரு விலை உண்டு. நிறுவையையும் விவசாயியின் மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டுமென்றால் இப்போது ட்ரான்ஸாக்‌ஷன் வேண்டும். 4.0 இலிருந்து அது இருக்கிறது, ஆனால் தனியாக ஓடுகிற சேர்வரில் வேலை செய்யாது, ரெப்ளிகா செட்டாக (ஒரே தரவின் பிரதிகளை வைத்திருக்கிற சேர்வர்க் கூட்டமாக) ஓட்ட வேண்டும். நான் மொத்தத்தைச் சேமிப்பதையே விட்டுவிட்டேன், கேட்கிறபோது டேட்டாபேஸே கூட்டிக் கொடுக்கிறது.

பழைய தரவை மாற்ற பெரிய ஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படவில்லை, இரண்டு தரம் அன்வைன்ட் (அரேயைத் தனித்தனிப் பதிவுகளாக விரிப்பது), கடைசியில் மேர்ஜ் (அவற்றைப் புதிய இடத்தில் எழுதுவது). ஓட்டுவதற்கு முன் பேக்அப் எடுத்துவிட்டு, பிறகு அக்காவின் கொப்பியோடு வைத்து வரி வரியாகச் சரிபார்த்தேன். அவர் மறுகாவும் கொப்பியில்தான் எழுதுகிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை.