தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது அக்கா

குளிர்காலத்தில் தோல் வறண்டால் தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடியுங்கள், எதுவும் பூச வேண்டாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள் அக்கா. அது சரியில்லை. தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் தோல் வறள்வது, மேல்தோலின் ஈரம் காய்ந்த காற்றில் போய்விடுவதால்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கடற்காற்றாவது இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையே அபூர்வம், வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. போன ஜூலையில் டர்பனிலிருந்து வந்த என் அம்மாவுக்கு ஒரே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே மீன் செதில் மாதிரி வெள்ளைக் கோடுகள். நகம் பட்டால் மாவாக உதிர்ந்தது. இத்தனைக்கும் அவர் தண்ணீர் நன்றாகக் குடிப்பவர். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் முடித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசலின் தடவினோம். அப்புறம்தான் அடங்கியது.

இன்னொன்று. இதய, சிறுநீரக நோய் உள்ள சிலருக்கு 4 லிட்டர் ஆபத்து. அவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த வரியையாவது தயவுசெய்து திருத்திவிடுங்கள்.