ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி

போன வெள்ளிக்கிழமை மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, அடுத்த மாநாட்டுக்கு உரையாளர்களிடம் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். போட்டுப் பார்க்கலாம் என்றால், என்னத்தைப் பேசுவது? எனக்கு என்ன தெரியும்?"

கறியைப் பிசைந்தபடி ஏதோ பகிடி சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கொள்ளுப்பிட்டியில் 100ஆம் இலக்க பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும்வரை அந்தக் கேள்வி கூடவே நின்றுகொண்டு வந்தது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

கடிதம், கோப்பு, விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றையும் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றிக்கொடுப்பதுதான் பதினைந்து வருடமாக என் பிழைப்பு. ஷேர்பொயிண்ட், டீம்ஸ், பவர் ஓட்டோமேட் என்று மென்பொருள்களின் பெயர்கள் மாறும். அலுவலகங்களின் தலைவலி மாறாது. இந்தத் துறைக்காரர்கள் கூடும் மாநாடுகளுக்குக் கொழும்பில் நிறையப் போயிருக்கிறேன். சிலவற்றில் பேசியும் இருக்கிறேன்.

நம் ஊரில் மாநாட்டுக்குப் போவது ஏறக்குறையக் கலியாண வீட்டுக்குப் போவதுதான். வாசலில் பெயரட்டையும் பையும் தருவார்கள். பத்தரைக்குத் தேநீருடன் பட்டீஸும் ரோல்ஸும் வரும். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுடன் உட்கார்வார்கள். மேடையில் ஏறுபவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத் தங்கள் திட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். குறித்த நாளில் முடிந்தது, எல்லோருக்கும் பிடித்தது, செலவும் குறைந்தது. பிறகு படம் எடுத்துக்கொண்டு கலைவோம். எதுவும் பிழைத்துப்போகாத திட்டத்தைப் பற்றிய உரை விளம்பரம் என்பது என் கட்சி. காசு கொடுத்துப் போட வேண்டியதை நாற்பத்தைந்து நிமிடம் இலவசமாகப் போடுகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. 2017இல் என் முதல் உரையும் அப்படிப்பட்ட விளம்பரம்தான்.

மருதானையில் ஒரு சனிக்கிழமை. நுழைவு இலவசம், ஏற்பாட்டாளர்கள் எல்லோரும் தொண்டர்கள். என் அறையில் பதினான்கு பேர். நானே எண்ணினேன், பயத்தில் வேறென்ன செய்வது? மென்பொருளின் புதிய பதிப்பில் என்னென்ன வசதிகள் வந்திருக்கின்றன என்று முப்பத்தெட்டு ஸ்லைட். அவற்றில் பாதி, தயாரிப்பு நிறுவனமே வெளியிட்டிருந்தவை. எல்லா ஆவணங்களையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டால் எந்தக் கடிதத்தையும் நொடியில் தேடி எடுக்கலாம் என்று பெருமையாக முடித்தேன்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கையில் மடித்த குடை. ஆங்கிலத்தில் இரண்டு சொல் தொடங்கி, நிறுத்தி, என் பெயரட்டையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "தம்பி, எங்களிடம் 2003இல் அடித்த தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன. தேடினால் வருமா?"

"வரும் அம்மா."

"வராது தம்பி. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு நிமிட அவமானத்தில்தான் என் உண்மையான வேலை தொடங்கியது.

மறுவாரம் அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். திரையில் அழகான தமிழ். எழுத்துரு பாமினி. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு செய்த யாருக்கும் பாமினியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் பாமினி தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்துவிட்டு, அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. 'தமிழ்' என்று நாம் வாசிக்கும் சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. தேடுபொறி பார்ப்பது போர்வைக்குக் கீழே இருப்பதை. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரமான யுனிகோட்டில் அந்த அம்மா 'தமிழ்' என்று தேடினால் அது எங்கிருந்து வரும்? யுனிகோட்டின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. நம் அலுவலகங்கள் அதற்குப் பிறகும் வருடக்கணக்காகப் பாமினியில்தான் அடித்துத் தள்ளின.

மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றனவே, போட்டு மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 'கொழும்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் கை எழுதும் வரிசையில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யுனிகோட்டில் முதலில் க, அதன் பின் கொம்பும் அரவும் சேர்ந்த ஒற்றைக் குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருப்பது. முழுவதையும் மாற்றியில் போட்டால் ஆங்கில முகவரிகள் எல்லாம் தமிழ் எழுத்தில் உளறும்.

வழி வேர்ட் கோப்புக்குள்ளேயே இருந்தது. 2007இல் வந்த புதிய வடிவத்தில் வேர்ட் கோப்பு என்பது பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் பொதி. பிரித்தால் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் எந்த எழுத்துரு என்று உள்ளே எழுதியிருக்கும். பழைய கோப்புகளை முதலில் அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்து, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் பொறுக்கி மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் விட்டேன். ஆறு வாரம் இரவு வேலை. ஸ்கேன் செய்த கடிதங்கள் அப்போதும் அகப்படவில்லை, அது வேறு கதை.

அடுத்த வருடம் அதையே உரையாக்கினேன். எது வேலை செய்தது என்பதற்குப் பத்து நிமிடம், எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்பதற்கு மீதி நேரம். அறையில் நிற்க இடமில்லை. முடிந்ததும் ஒரு சிங்கள நண்பர் மேடைக்கே வந்து, எஃப்எம் அபய எழுத்துருவில் அடித்த தங்கள் சிங்களக் கடிதங்களுக்கும் இதே கதிதான் என்றார். தேநீர் மேசையில் ஒரு மணி நேரம் நின்றோம். கோப்புகளை மாற்ற நான் எழுதிய நிரலை அவர் சிங்களத்துக்கு மாற்றினார். அவர் கண்டுபிடித்த இரண்டு பிழைகள் என்னுடையதிலும் இருந்தன.

எனக்கு மாநாடு என்றால் அந்தத் தேநீர் மேசைதான். உரைகளை வீட்டில் சாரத்தோடு உட்கார்ந்தும் பார்க்கலாம். 2020இல் மைக்ரோசொஃப்ட் தன் இக்னைட் மாநாட்டை முழுக்க இணையத்தில் இலவசமாகவே நடத்தியது. அதற்கு முன் நேரில் போக நுழைவுக் கட்டணம் மட்டும் இரண்டாயிரம் டொலருக்கு மேல். 2022 தொடக்கத்தில் இரண்டாயிரம் டொலர் நமக்கு நான்கு இலட்சம் ரூபாய், அதே வருடம் மே மாதத்தில் ஏழு இலட்சம். விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டி வரிசையில் நிற்கும் அனுபவத்தை இங்கே எழுதப் புகுந்தால் பதிவு வேறு திசையில் போய்விடும். வெளிநாட்டு மாநாட்டைத் தவறவிட்டோமே என்று ஏங்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வேன்: காணொளியைப் பாருங்கள், உங்கள் சனிக்கிழமையை உள்ளூரில் செலவழியுங்கள்.

டெமோ செய்யப் பயப்படுபவர்களுக்கு இரண்டு கதைகள். 1968 டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் தொண்ணூறு நிமிடம் பேசினார். மவுஸ், சொடுக்கினால் இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு, தூரத்தில் இருப்பவரின் முகத்தைத் திரையில் பார்த்தபடி ஒரே ஆவணத்தில் இருவரும் வேலை செய்வது எல்லாவற்றையும் அன்றே நேரடியாகச் செய்து காட்டினார். இன்று டீம்ஸில் நாம் செய்வதன் பாட்டன் அது, பிறந்தது ஒரு மாநாட்டு மேடையில். மற்றது 1998 ஏப்ரலில், சிக்காகோவில். பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, விண்டோஸ் 98ஐ விளக்கிக்கொண்டிருந்தவர் ஸ்கேனரைச் செருகியதும் கணினி செயலிழந்து திரை நீலமாகிப்போனது. சபை சிரித்தது, கேட்ஸும் சேர்ந்து சிரித்தார், விண்டோஸ் 98 அதே வருடம் விற்பனைக்கு வந்தது. ஆகவே உங்கள் டெமோ விழுந்தாலும் உலகம் நிற்காது. காணொளியாக ஒரு பிரதி மட்டும் கையில் வைத்திருங்கள், அரங்கின் வைஃபையை நம்பாதீர்கள்.

ஏற்பாட்டாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மூன்று மொழிக்காரர்கள் கூடும் இடம், உரை ஆங்கிலத்தில் இருப்பதில் எனக்குச் சண்டையில்லை. கேள்வியை எந்த மொழியிலும் கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். அந்த அம்மா ஆங்கிலத்தில் தடுமாறி உட்கார்ந்திருந்தால் நான் இன்றும் முப்பத்தெட்டு ஸ்லைட் காட்டிக்கொண்டிருப்பேன்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், பேசப்போவதற்கு அரைநாள் விடுப்புக் கேட்டபோது மேலாளர், "பேசப்போகிறாயா, வேறு வேலை தேடப்போகிறாயா?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அனுசரணைக் கம்பனிகள் பாதிப் பேர் அங்கே மேசை போடுவது சுயவிவரக் கோவை சேர்க்கத்தான், அந்த மனிதர் சொன்னதில் முற்றாகப் பொய்யில்லை. (பிறகு நான் அங்கிருந்து விலகியது மாநாட்டில் கிடைத்த வேலைக்கு அல்ல. அந்தக் கேள்விக்காகத்தான்.)

தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டவள், போன வருடம் மூன்று வாரம் எதனுடன் மல்லுக்கட்டினாள் என்பது எங்கள் மாடி முழுக்கத் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்களில் எத்தனை பேர் பெட்டி கட்டினார்கள்! அப்படி ஒருவர் மெல்போர்ன் போனார். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினோம், அவருடைய கணக்கு மூடப்பட்டது. சில நாளில் விடுப்பு விண்ணப்பங்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கொள்முதல் அனுமதிகள் நடுவழியில் நின்றன. எல்லாத் தன்னியக்கப் பணிகளையும் அவர் தன் சொந்தக் கணக்கிலேயே கட்டி வைத்திருந்தார், இரண்டாவது உரிமையாளர் என்று ஒருவரையும் சேர்த்திருக்கவில்லை. இவள்தான் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, நிர்வாகியிடம் சொல்லி உரிமையை மாற்றுவித்து, அறுந்த இணைப்புகளைத் திரும்பப் பூட்டினாள். ஆட்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கும் இந்த நகரத்தில் இதைக் கேட்க அறை நிறையும் என்று நேற்று அவளுக்கு எழுதினேன்.

இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது. தலைப்பும் ஐந்து வரிச் சுருக்கமும் எழுதி அனுப்பியிருந்தாள். கீழே ஒரு சந்தேகம்:

"அண்ணா, இதை இணையத்திலும் ஒளிபரப்புவார்களாம். அவர் மெல்போர்னில் இருந்து பார்ப்பாரோ?"