எங்க ஊர்ல பைத்தியமே இல்லையாமுங்க

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்க இனியும் பார்க்க வேண்டாம். சமுதாயக் கூடத்துல நாலு பிள்ளைக கையில அட்டையும் பேப்பருமா நிக்கறாங்க, மருத்துவக் கல்லூரில இருந்து வந்தவங்க. மனநோய்க்கும் குடிநோய்க்கும் ஒரு நோயாளர் பதிவேடு தொடங்கறோம், விருப்பம் இருக்கறவங்க மட்டும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துக்கலாம்னு சொல்ல வந்த பிள்ளைக. அதுக்குள்ள ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, "எங்க ஊர்ல பைத்தியமும் இல்ல, குடிகாரனும் இல்ல, கெளம்புங்க"ங்கறார். பின்னால கைதட்டல். அதுல ஒரு பொண்ணு, கீழ விழுந்த பேப்பரை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கிட்டே இருக்கா. தலையைத் தூக்கவே இல்ல. அதுக்கு 'செம மாஸ்'னு பேர் போட்டு மூணு நாளா சுத்துது.

நான் அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி போட்டேன். "எண்ணாம விட்டா இல்லைன்னு ஆயிடுமாங்க?" அவ்வளவுதான். அதுக்கு வந்த பதில் நாற்பதுக்கு மேல. அதுல ஒண்ணு, "அப்படினா உங்க வீட்டு ஆளு பேரை மொதல்ல எழுதுங்க அக்கா." சிரிக்கற பொம்மை மூணு.

சரிங்க, எங்க வீட்டுல இருந்தே தொடங்கறேன்.

என்ற அண்ணனுக்கு 1998ல சீக்கு வந்தப்ப வயசு 22. திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங்ல இருந்தார். நாலு நாளா தூங்காம, கம்பெனி முதலாளிக்கே யோசனை சொல்லி, சம்பளப் பணத்தை எல்லாம் பஸ் ஸ்டாண்டுல இருந்தவங்களுக்குக் குடுத்துட்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். பைபோலார்ங்கற வார்த்தை, அதாவது மனநிலை ஒரேயடியா ஏறறதும் இறங்கறதுமா இருக்கற சீக்கு, எங்களுக்குத் தெரிய எட்டு வருஷம் ஆச்சு. அது வரைக்கும் எங்க வீட்டு வார்த்தை 'நரம்புத் தளர்ச்சி'. ஒறம்பரைக கேட்டா அதுதான் பதில்.

கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்தப்ப, சீட்டு எழுதற எடத்துல எங்கப்பா ஊர் பேரை மாத்திச் சொன்னார். தாராபுரம் பக்கம்னு சொல்லிட்டார். எங்களுக்கும் தாராபுரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஈரோட்டுல சேர்த்தப்ப அண்ணன் பேரையே மாத்திட்டார், வீட்டுல கூப்பிடற பேரை எழுதச் சொல்லிட்டார். நடுவுல ஒரு மண்டலம் குணசீலம் கோயில்ல இருந்தது எந்தக் கணக்குலயும் இல்ல. ஆக ஒரே மனுசன், ரெண்டு ஆஸ்பத்திரில ரெண்டு ஆளு. ரெண்டு இடத்துலயும் 'இதுக்கு முன்னாடி வந்திருக்கா?'னு கேட்டாங்க, ரெண்டு இடத்துலயும் 'இல்லைங்க'ன்னோம். ரெண்டு இடத்துலயும் மாத்திரை மொதல்ல இருந்து.

அதனால அந்த வேட்டிக்காரர் மேல எனக்கு ஆத்திரம் வர்றதுக்கு முன்னால எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவரும் அந்தக் கூட்டத்துல இருந்திருந்தா கைதட்டியிருப்பார். ஏன்னா அப்ப என்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டு இருந்தாங்க. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு விசாரிக்கறதுனா எப்படினு உங்களுக்குச் சொல்லணுமா? டீக்கடைல, சொசைட்டில, கோயில் பூசாரிகிட்டனு எட்டு இடத்துல கேட்டுட்டுத்தான் வீட்டு வாசலுக்கே வருவாங்க. எனக்கு வந்த மூணு ஜாதகம் அப்படியே திரும்பிப் போச்சு. எந்தப் பதிவேட்டுல இருந்துங்க அவங்களுக்குத் தெரிஞ்சுது? டீக்கடைப் பதிவேட்டுல இருந்துதான். அதுல பேர் இருக்கு, ஊர் இருக்கு, தாத்தா காலத்துக் கதை வரைக்கும் இருக்கு. சம்மதம் மட்டும் யாரும் கேட்கறதில்ல. அதுல எழுதறதுக்கு ஒருத்தருக்கும் கூச்சம் இல்ல. கையெழுத்து வாங்கிட்டு எழுதிக்கறோம்னு வந்த பிள்ளைகளைத்தான் தாட்டி உட்டாச்சு.

இதே ஊர்தான் நொய்யல் சாயத்தண்ணியால எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்துச்சுனு கணக்கெடுங்கனு கேட்குது. கேட்கணும், நானும் கேட்கறேன். புற்றுநோய்க்கு 1981லயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கிருச்சு. இன்னிக்கு எந்த ஊர்ல எந்தப் புற்றுநோய் கூடுதுனு பேச முடியுதுனா அதனால. அங்க எண்ணினா விழிப்புணர்வு, இங்க எண்ணினா மானக்கேடா?

எண்ணாம என்ன நடக்குதுனு பாருங்க. 2015-16ல பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் 12 மாநிலத்துல கணக்கெடுத்தாங்க, தமிழ்நாடும் அதுல ஒண்ணு. பெரியவங்கள்ல நூத்துல பத்துப் பேருக்கு மேல அந்த நேரத்துல ஏதோ ஒரு மனநலக் கோளாறோட இருந்தாங்கனு வந்துச்சு. சீக்கைப் பொறுத்து, நூத்துக்கு எழுபதுல இருந்து தொண்ணூறு பேர் வரைக்கும் வைத்தியமே கிடைக்காதவங்க. ஆனா அது ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துட்டுப் போற மாதிரி. அதே ஆளு அடுத்த வருஷம் எப்படி இருக்கார், மாத்திரையை எப்ப விட்டார், ஏன் விட்டார், உயிரோட இருக்காரா, இதெல்லாம் போட்டோவுல தெரியாது. கூடவே நடந்து வந்தாத்தான் தெரியும். பதிவேடுங்கறது கூட நடக்கறது. சென்னைல 1981 வாக்குல 90 மனச்சிதைவு நோயாளிகளை, முதல் தடவை சீக்கு வந்தப்பவே பிடிச்சு, இருபது வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்திருக்காங்க. வெறும் 90 பேர்தான். அதை உலகம் இன்னிக்கும் எடுத்துப் பேசுது. நம்மாள முடியாதுனு சொல்லாதீங்க.

குடி விசயத்துல இன்னும் கூத்து. 2003ல இருந்து அரசாங்கமே சில்லறை மதுக்கடை நடத்துது. எந்தக் கடைல என்ன வித்துச்சுனு ராத்திரியே கணக்கு போயிரும், தீபாவளி வசூல் மறுநாள் பேப்பர்ல வந்துரும். காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபாய்னு நீலகிரில தொடங்கி கோயமுத்தூருக்கும் வந்தாச்சு. பாட்டில் எந்தக் கடைல இருந்து போச்சுனு ஸ்டிக்கர் சொல்லும். அதைக் குடிச்ச மனுசன் என்ன ஆனான்னு சொல்ல ஒரு ஸ்டிக்கரும் கிடையாது. எய்ம்ஸ் நடத்தி 2019ல வெளிவந்த நாடு தழுவின ஆய்வுல, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தர்தான் ஏதாவது ஒரு வைத்தியம் கிடைச்சதுனு சொன்னார். மிச்சம் 37 பேர் எங்கனு கேட்டா, 'எங்க ஊர்ல குடிகாரனே இல்ல'. அந்த சமுதாயக் கூடத்துல இருந்து கடை ரெண்டு கிலோமீட்டர்ங்க. பொழுதோட போய்ப் பாருங்க, வண்டி நிறுத்த இடம் இருக்காது.

இப்ப ஆட்சேபனைக்கு வர்றேன். இல்லாட்டி பயந்து ஓடிட்டேன்னு சொல்லுவீங்க.

போலீஸ் வரும்ங்கறீங்க. குடிநோய்ங்கறது குற்றம் இல்ல. கஞ்சா மாதிரி விசயத்துல கூட, தானா வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கு வழக்குல இருந்து பாதுகாப்பு குடுக்க போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு. ஓட்டுரிமை போயிரும்ங்கறீங்க. கோர்ட்டு தீர்ப்புச் சொல்லாம எந்த லிஸ்ட்டும் யார் ஓட்டையும் பறிக்க முடியாது. இதெல்லாம் வாட்ஸ்அப்ல வந்ததுனு எனக்கும் தெரியும், விடுங்க.

தகவல் வெளிய போயிரும்ங்கறது மட்டும் நியாயமான பயம். பின்லாந்துல நடந்துச்சேனு ஒரு தம்பி லிங்க்கே போட்டிருந்தார். நடந்துச்சு. அங்க ஒரு தனியார் மனநல சிகிச்சை நிறுவனத்துல இருந்து ஆயிரக்கணக்கான பேரோட தகவலைத் திருடி, 2020ல ஒவ்வொருத்தருக்கா மெயில் போட்டுப் பணம் கேட்டு மிரட்டினாங்க. படிக்கறப்ப எனக்கும் வயித்தைக் கலக்குச்சு. ஆனா தம்பி, அது பேரோட, பேசின பேச்சோட, ஒரு கம்பெனி சரியாப் பூட்டாம வெச்சிருந்த ஃபைல். ஒழுங்கா நடத்தற ஆராய்ச்சிப் பதிவேட்டுல பேரும் முகவரியும் தனியா பூட்டிக் கிடக்கும். ஆராய்ச்சி பண்றவர் கைக்கு வர்றது ஒரு நம்பர், வயசு, எஃப்31னா பைபோலார், எஃப்10னா குடிநோய்னு ஒரு குறியீடு, என்ன மாத்திரை, எத்தனை தடவை சேர்ந்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கறதை நோயாளியோட உரிமைனு சொல்லுது. ஆராய்ச்சினா சம்மதம் வேணும், குடுத்த சம்மதத்தை எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கலாம். 'சட்டம் இருந்தா மட்டும் போதுமா? 2023 தகவல் பாதுகாப்புச் சட்டத்துல உடம்பு சம்பந்தப்பட்ட தகவலுக்குத் தனியா ஒரு வேலி கூட இல்லையே'னு கேட்டா, ஆமாங்க, இல்ல. அதைக் கேளுங்க. யார் பூட்டறாங்க, சாவி யாருகிட்டனு அந்தப் பிள்ளைககிட்டக் கேட்டிருந்தீங்கனா நானும் உங்க பக்கம் நின்னிருப்பேன். நீங்க கேட்டது அதுவா? 'பைத்தியமே இல்ல'ன்னீங்க.

அதே பின்லாந்தைப் பத்தி இன்னொண்ணு சொல்லவா? நாடு பூராவுக்குமான பதிவேட்டை வெச்சு, பைபோலார் இருக்கற 18,000 பேருக்கு மேல என்ன ஆனாங்கனு பார்த்தாங்க. லித்தியம்ங்கற மாத்திரை சாப்பிட்டவங்கதான் திரும்ப ஆஸ்பத்திரில சேர்றது குறைவுனு 2018ல வெளியிட்டாங்க. லித்தியம்தான் என்ற அண்ணனும் சாப்பிடறது. ஆனா பின்லாந்து வெயில் வேற, நம்ம வெயில் வேற.

எங்கம்மா ஆறாவதுதான் படிச்சது. பால் சொசைட்டி நோட்டுல காலைல நாலரை, சாயங்காலம் மூணுனு லிட்டர் எழுதற பழக்கம். அந்த வரிசைக்குப் பக்கத்துலயே பென்சில்ல, 'தூங்கலை', 'ரெண்டு தோசை', 'கை நடுக்கம்', 'வாந்தி', 'நல்லாப் பேசினான்'னு வருஷக்கணக்கா எழுதி வெச்சிருக்கு. எங்க யாருக்கும் தெரியாது. 2006ல சித்திரை மாசம் அண்ணன் தள்ளாடித் தள்ளாடி இட்டேரில விழுந்து கிடந்தார். குடிச்சுட்டான்னு ஊரே சொல்லுச்சு. ஒரு மாமா வந்து செருப்பைக் கழட்டினார். பேர் சொல்லலை, படிச்சுட்டு இருப்பார். அம்மா மட்டும் அந்த நோட்டை மஞ்சப்பைல போட்டுட்டு டாக்டர்கிட்டப் போச்சு. அவர் பக்கம் பக்கமாத் திருப்பி, நடுக்கமும் வாந்தியும் வருஷா வருஷம் பங்குனி சித்திரைல மட்டும் வருதுனு விரல் வெச்சுக் காட்டினார். தோட்டத்துல வேர்த்துக் கொட்டி, உடம்புல தண்ணியும் உப்பும் கொறஞ்சா லித்தியம் ரத்தத்துல ஏறுமாம். அந்த வருஷம் பிரஷர்னு சொல்லி நாங்க சோத்துல உப்பையும் கொறச்சிருந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தா லித்தியம் அளவு 1.9. ஒண்ணே காலைத் தாண்டவே கூடாதாம். (இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, புண்ணியமாப் போகும். டாக்டரைக் கேளுங்க.)

ஒரு அம்மா, ஒரு பால் நோட்டு, ஒரு மகன் உயிரு. அதுதாங்க பதிவேடு. காங்கேயத்துல ஒரு நோட்டு, கோபில ஒரு நோட்டு, பல்லடத்துல ஒரு நோட்டுனு ஆயிரம் நோட்டு ஒண்ணாச் சேர்ந்திருந்தா, வெயில் காலத்துல லித்தியம் சாப்பிடறவங்களுக்கு என்ன ஆகுதுனு அண்ணன் விழறதுக்கு முன்னாடியே யாராவது எங்களுக்குச் சொல்லியிருப்பாங்க இல்லீங்களா? எத்தனை பேர் அப்படி விழுந்து, குடிகாரப் பட்டத்தோடயே போய்ச் சேர்ந்தாங்களோ.

வேட்டிக்காரர் வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார். ஊருக்கே தெரியும். அவங்களை மேல் வீட்டு ரூம்ல வெச்சிருக்காங்க. இதுக்கு மேல சொல்ல மாட்டேன். சொன்னா நானும் டீக்கடைதான்.

இவ்வளவும் எழுதி முடிச்சுட்டுத்தான் எனக்கே உறைச்சுது. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே. நேத்துப் பொழுதோட போனேன். கட்டுத்தரைல சாணி வழிச்சுட்டு இருந்தார். வீடியோவைக் காட்டினேன். அந்தப் பொண்ணு பேப்பர் பொறுக்கற இடம் வரைக்கும் பார்த்துட்டு, போதும்னு கையைக் காட்டினார். முகநூல்ல போடறேன்னு சொன்னேன், போடுன்னார். அந்தப் பதிவேட்டுல சேர்றியானு கேட்டதுக்குக் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "சேர்றேன் அம்மிணி. ஊர் பேரை நானே சொல்லிக்கறேன், நீங்க யாரும் சொல்ல வேண்டாம்"னார்.

அந்தப் பிள்ளைக இப்ப பக்கத்து ஒன்றியத்துல இருக்காங்கனு கேள்வி. சனிக்கிழமை காலைல நாங்க ரெண்டு பேரும் போறோம், கார்ல இன்னும் மூணு பேருக்கு இடம் இருக்கு. வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க, பேர் வெளிய வராது. சிரிக்கற பொம்மை போட்ட தம்பியும் வரலாம்.