வக்கீல் வைக்காமல் வருகிறவரைச் சந்தேகமாகப் பார்க்காதீர்கள்

வழக்கு நடத்த வக்கீல் கட்டாயம் என்றே நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமையியல் (சிவில்) விசாரணை முறைச் சட்டத்தின் 3-வது கட்டளைப்படி வாதியோ பிரதிவாதியோ தானே நேரில் ஆஜராகலாம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்கவே முடியாது, நீதிபதி அனுமதித்தால்தான் உண்டு. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு இதைச் சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் நம் சார்பில் அண்ணனோ மகளோ போய்ப் பேசலாம். வக்கீல் அல்லாதவர் அங்கே பிரதிநிதியாக ஆஜராவது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது.

ஆனால் இந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட் வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். "பார்ட்டி இன் பர்சனா?" (வக்கீல் இல்லாமல் தானே வந்தவரா?) என்று கேட்கும் தொனியிலேயே, வீம்புக்கு வந்தவர், வேலை கெடுக்க வந்தவர் என்ற முடிவு தெரியும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

என் பெரியப்பாவின் வழக்கைச் சொல்கிறேன். இதய அறுவை சிகிச்சைக்கு அவர் செலவழித்த பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுத்தது. பாலிசி எடுக்கும் முன்பே சர்க்கரை நோய் இருந்ததை மறைத்தார் என்று காரணம் சொன்னார்கள். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு, அவருக்காக நான் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதம் உண்மையிலேயே நல்ல விதம். நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. காப்பீட்டில் இதற்குக் கணக்கு நாம் கட்டிய பிரீமியம்தான், கேட்கும் இழப்பீடு அல்ல. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் மனுவை எழுதினேன்.

மனு திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டில், சாதாரண மனிதரால் படிக்கவே முடியாத கையெழுத்தில், அரைகுறையாக நாலு சொற்கள். டைப்டு செட்டில் (தட்டச்சு செய்து தொகுத்த மனு ஆவணங்களில்) பக்க எண் இல்லை, நகல்களில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திடவில்லை என்பதுதான் அதன் பொருள். அதை எனக்குப் படித்துச் சொன்னவர் அங்கே வேறு வேலையாக வந்திருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. காசு எதுவும் வாங்காமல், எந்தக் காகிதத்தை எதற்கு அடியில் வைக்க வேண்டும் என்று மர பெஞ்சில் உட்கார்ந்து அடுக்கிக் காட்டினார். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒரு குடிமகனின் வழக்கு, அன்றைக்கு ஒரு நல்ல குமாஸ்தா அந்தப் பக்கம் வந்தாரா இல்லையா என்பதை நம்பி இருக்கலாமா?

மனுவை ஏற்று வழக்கு எண் கொடுத்த பிறகு விசாரணை பெரிய கஷ்டமாக இல்லை. பதில் போட எதிர்த்தரப்பு மேலும் வாய்தா கேட்டபோது, நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள், அதற்கு மேல் 15 நாள், அதைத் தாண்டி நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்ற 2020-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பை எடுத்துச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார், பதிவும் செய்தார். நீதிபதிகள் பலர் நல்லபடியாகவே நடத்துகிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் சிக்கிக்கொள்வது அவர்கள் முன்னால் போய் நிற்பதற்கு முன்பே, மனு வாங்கும் ஜன்னலில்.

வக்கீல் நண்பர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். இப்படி வருகிறவர்கள் சம்பந்தமில்லாத கதை பேசுகிறார்கள், மனு மேல் மனு போட்டு நேரத்தைத் தின்கிறார்கள் என்று. சிலர் அப்படி இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களைத் தடுக்கத்தான் நம் மாநிலத்தில் 1949-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறதே? தொடர்ந்து வீண் வழக்குப் போடுகிறவர் இனி அனுமதி வாங்காமல் வழக்கே போட முடியாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தச் சிலருக்காக, வாழ்க்கையில் ஒரே ஒரு வழக்கோடு வரும் ஆயிரம் பேரை ஏன் அதே கண்ணால் பார்க்க வேண்டும்? டிராஃபிக் ராமசாமி வக்கீலுக்குப் படித்தவர் அல்ல. சாலையை அடைத்த பேனர்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் எத்தனையோ முறை தானே நின்று வாதாடினார். கேலி செய்தவர்கள் நிறைய. அவர் வாங்கிய உத்தரவுகளின் பலனை அனுபவித்தவர்கள் அதைவிட நிறைய.

உயர் நீதிமன்றம் வரை போனால் மொழி இடிக்கிறது. கீழ் நீதிமன்றங்களில் தமிழ் ஆட்சிமொழி. மேலே போனால் அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவு ஆங்கிலம் என்கிறது. அங்கேயும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் ஒப்புதல் கிடைக்கவில்லை. வக்கீல் வைக்க முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை மொழிப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறவர்கள் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் கிரிமினல் வழக்கில் தனியாகப் போய் நிற்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அது சிறைக்குப் போகும் விஷயம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது புத்தகம் படித்து வருகிற வேலையும் இல்லை. இலவச வக்கீல் பெறும் உரிமை இருப்பதை ஒருவருக்குச் சொல்லாமலே விசாரணை நடத்தித் தண்டித்தார்கள் என்பதற்காக, அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1986-இல் ரத்து செய்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

சிவில் வழக்கிலும் கவனம் வேண்டும். வாட்ஸப் செய்தியைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. புதிய சாட்சியச் சட்டம், 63-வது பிரிவின்படி சான்றிதழ் கேட்கிறது. அதில் ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். இதை யாராவது முன்கூட்டியே சொன்னால்தானே தெரியும்? அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏற்கெனவே மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இருக்கிறது. புதிதாகக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. வக்கீல் வைக்காமல் வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு மேசை, மனு வாங்கும் நேரம் முழுக்க ஓர் ஆள், பூர்த்தி செய்த மாதிரிப் படிவங்கள் தமிழில். மனுவைத் திருப்பும்போது குறை என்ன என்று முழு வாக்கியமாக, தட்டச்சு செய்து கொடுக்கட்டும். இதைத்தான் மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மனு இப்படித் திரும்பி வந்திருந்தால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து, பெயரையும் வழக்கு எண்ணையும் மறைத்து, எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். விண்ணப்பத்தோடு இணைக்கிறேன்.