கேட்டுக்கு வெளியே கழியும் இரவுகள்

லாரி விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரே காரணம்தான் எழுதியிருக்கும்: டிரைவர் தூங்கிவிட்டார். அத்தோடு செய்தி முடிந்துவிடும். அந்த ஆள் முந்தின ராத்திரி எங்கே இருந்தார், எத்தனை மணி நேரம் கண்ணை மூடினார், நடுவில் அவரை எழுப்பியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. 19 வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிற எனக்கு முதலில் வருவது அந்தக் கேள்விதான். பல தடவை பதிலும் ஓரளவு தெரியும். ஏதாவது ஒரு குடோன் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றிருப்பார்.

நெடுந்தூர லாரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஓடுகிற வண்டி. நீளமான சாலை, ராத்திரி முழுக்க எரியும் ஹெட்லைட், விட்டால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் ஒரு மனுஷன். எங்கள் நாளில் நிற்கிற நேரம் எவ்வளவு என்று வெளியே யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், சாலையில் எங்களையும் மற்றவர்களையும் கொல்வது அந்த நிற்கிற நேரம்தான்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வருவேன், இதில் யாருக்காகவும் அவசரப்பட மாட்டேன். இரட்டை டயரில் உள்பக்க டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கத்து டயர் அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். கம்பியால் தட்டினால் சத்தம் மொத்தையாக வரும், சந்தேகம் வந்தால் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது, அதனால் அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். காற்று மொத்தமாகப் போய்விட்டால் லாரி பிரேக் இல்லாமல் உருண்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்கிங் பிரேக் விஷயத்தில் அது நேர்மாறு. காற்று இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், காற்று ஏறினால்தான் விடும். எஞ்சினை அணைத்து, பெடலை மிதித்துக்கொண்டு, எங்காவது 'உஸ்' என்று கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஓரம் கட்டி லோடு பெல்ட்டை இறுக்க வேண்டும், ஏனென்றால் குலுங்கலில் சரக்கு அமர்ந்து பெல்ட் தளர்ந்திருக்கும். இதற்கெல்லாம் முக்கால் மணி, ஒரு மணி போகும். கிலோமீட்டர் கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த ஒரு மணிக்குக் காசு கிடையாது, வண்டி ஓடவில்லையே.

ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். அதை இன்றைக்கும் மனசாரச் சொல்வேன். மலை இறக்கத்தில் 40 டன்னை அடக்கிக் கொண்டுவருவது கைப்பழக்கமும் நிதானமும் சேர்ந்த வேலை. உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதி இறங்கிய பிறகு மாற்றப் பார்த்தால் அடுத்த கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளலாம். எஞ்சின் பிரேக்கில் வண்டியைப் பிடித்து வைத்து, வேகம் ஏறும்போது மட்டும் பெடலை நன்றாக மிதித்து, குறைந்ததும் விட்டுவிட வேண்டும். காலை எடுக்காமலே இறங்கினால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறி விரியும், அதில் உரசும் லைனிங் தீயும், அந்தக் கருகல் வாடை கேபினுக்குள் வருவதற்குள் பாதி பிரேக் போயிருக்கும். பெடல் காலுக்கடியில் இருக்கும், மிதித்தால் பிடிக்காது. பத்து நிமிட இறக்கத்தில் இப்படி ஐம்பது முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அத்தனைக்கும் தூங்கி எழுந்த தலை வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் சொருகினால் 66 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானத்தின் அகலம், ஸ்டியரிங்கில் ஆள் இல்லாமல் ஓடிய தூரம் அது. அதற்குப் பிறகு விழித்து பிரேக்கை மிதித்தாலும் காற்று குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர அரை நொடி ஆகும். அதில் இன்னும் 11 மீட்டர்.

இப்போது கேட்டுக்கு வருகிறேன்.

காலை எட்டு மணிக்கு வந்து சேர் என்று ஆபீஸ் சொல்லும். எட்டு மணிக்கு அங்கே நிற்க ராத்திரி ஓட்டித்தான் ஆக வேண்டும். ஓட்டி, ஏழே முக்காலுக்குப் போய் நின்றால், பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு வரிசையில் நில் என்பார்கள். முன்னால் 20 வண்டி. ஒவ்வொரு வண்டி உள்ளே போகும்போதும் வரிசை ஒரு வண்டி நீளம் நகரும். அரை மணிக்கு ஒரு தடவை, சில சமயம் முக்கால் மணிக்கு ஒரு தடவை. கேபினுக்குப் பின்னால் படுக்கை இருக்கிறது, ஆனால் படுக்க முடியாது. படுத்தால் முன்வண்டி நகர்ந்துவிடும், பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான், இடைவெளி விட்டால் வேறு வண்டி நுழைந்துவிடும். அதனால் ஸ்டியரிங்கில் கையை மடக்கி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவோம். என் இடது முன்கையில் ஸ்டியரிங் தையல் பதிந்த தடம் மறைய மத்தியானம் ஆகிவிடும். கழிப்பறை உள்ளே ஊழியர்களுக்கு மட்டும். இந்த வேலை பார்க்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள், எத்தனை பேர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தடவை இப்படி 11 மணி நேரம் நின்றேன். கடைசியில் அலுப்பு தாங்காமல் நிஜமாகவே ஆழ்ந்து தூங்கிவிட்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, யாரோ கதவை டம் டம் என்று தட்டினார்கள். டாக் காலி, அதாவது சரக்கு இறக்கும் மேடை காலி, உடனே ரிவர்ஸ் போடு. எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன், டிரெய்லரின் பின்பக்கம் இடது போக வலது பக்கம் ஒடிக்க வேண்டும் என்ற, ஆயிரம் தடவை செய்த விஷயம் தலைக்கு வரவில்லை. கண்ணாடியில் டாக் தெரிகிறது, கை எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. பின்னால் ஒரு பையன் கையை ஆட்டி வழிகாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கண்ணாடியிலிருந்து மறைந்த ஒரு நொடியில் பிரேக்கை அழுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுவருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் மூளை தெளிய கால் மணி, அரை மணி ஆகும் என்பது தூக்கத்தைப் பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த அரை மணியில்தான் எங்களை 40 டன்னைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள்.

லோடு இறக்கி முடிக்கும்போது ராத்திரி ஏழு. அடுத்த லோடு வேறு ஊரில் விடியற்காலை. சொல்லுங்கள், அந்த டிரைவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார்? 1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்குமான ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். பல நாடுகளில் அந்த அளவு குடித்துவிட்டு ஓட்டினால் லைசென்ஸ் போகும். தூங்காமல் ஓட்டினால் சரியான நேரத்துக்கு வந்துவிட்டான் என்று பாராட்டுவார்கள். அதிலும் அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். எத்தனை டீ குடித்தாலும், ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாலும், பாட்டைச் சத்தமாக வைத்தாலும் சிறிது நேரத்துக்குத்தான், தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டும்தான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979லேயே 153ஆம் எண் உடன்படிக்கையில் எழுதி வைத்திருக்கிறது, ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை, டாக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்யும். அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரம் என்று ஒரு கணக்கு ஆரம்பமாகும், அதற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். இதில் சிக்கலைப் பாருங்கள். அந்த 14 மணி நேரக் கடிகாரம் கேட்டில் காத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். படுக்கையில் சில மணி நேரம் தொடர்ச்சியாக இருந்தால் கணக்கில் விட்டுத்தருகிற வழி ஒன்று உண்டு, ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை வண்டியை நகர்த்துகிறவனுக்கு அது எப்படிக் கிடைக்கும்? அஞ்சு மணி நேரம் வரிசையில் போனால் மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதுக்குள் முழு தூரத்தையும் ஓட்டி முடிக்கப் பார்ப்பான், வேகம் அங்கே பிறக்கிறது. கேட்டில் வீணடித்தவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் வராது, வேகமாகப் போனவன் பெயர் மட்டும் வரும்.

சம்பளமும் இதோடு பின்னிக்கிடக்கிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும் வரை காத்திருப்பு யாருக்கும் செலவில்லாத பொருள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு மணிக்கணக்கில் சம்பளம், பேப்பர் பார்க்கிறவருக்கு மாதச் சம்பளம், வெளியே நிற்கும் 20 டிரைவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அதனால் குடோனில் இன்னொரு ஆள் போட வேண்டும், இன்னொரு டாக் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் 1938இல் ஓவர்டைம் சட்டம் வந்தபோதே மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டும் டிரைவர்களை அதிலிருந்து விலக்கினார்கள், அந்த விலக்கு இன்றும் நிற்கிறது. ஐரோப்பாவில் சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்து வரும் வகையில் தூரத்தை வைத்துக் கூலி தரக் கூடாது என்று 2006ஆம் வருட விதியிலேயே இருக்கிறது. அதாவது தூரக் கணக்குக் கூலிக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு என்று சட்டம் எழுதுகிறவர்களுக்கே தெரியும்.

காத்திருப்பது ஓய்வுதானே, சும்மா உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு எப்போது கூப்பிடுவார்களோ என்று உட்கார்ந்திருந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அதை ஓய்வு என்று சொல்வீர்களா? கேட்டில் நிற்கும்போது மகள் போன் செய்து என்னப்பா பண்றீங்க என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேலையும் செய்யவில்லை, தூங்கவும் இல்லை, வீட்டிலும் இல்லை. வாரத்தில் இப்படி இரண்டு நாள் கணக்குப் போட்டால் வருடத்தில் நூறு நாள். நான் இல்லாமல் அவள் வளர்ந்த நாட்களில் பாதியை நான் சாலைக்குக்கூடக் கொடுக்கவில்லை, கேட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது கோபம் வருகிறது, வரட்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு வா என்று சொன்னால் எட்டிலிருந்து ஒன்றிரண்டு மணிக்குள் இறக்கி அனுப்புங்கள், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் காசு கொடுங்கள், அந்தக் காசு வண்டி முதலாளியோடு நின்றுவிடாமல் ஓட்டுகிறவன் கைக்கு வரட்டும். காசு போக ஆரம்பித்தால் வரிசை தானாகக் குறையும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விபத்து விசாரணையில் கடைசி மூன்று நாள் அந்த வண்டி எந்தெந்த கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் எழுதுங்கள். சரக்கு அனுப்புகிற கம்பெனியும் வாங்குகிற கம்பெனியும் அதற்குப் பதில் சொல்லட்டும். வேகத்தைப் பிடிக்க கேமரா வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கேட்டில் ஒரு கடிகாரம் வைப்பது கஷ்டமில்லை.

முடியாது என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் போகிற இடங்களில் ஒரே ஒரு குடோன் இதைச் செய்கிறது. வந்ததும் பேப்பரைக் கொடுத்து போன் நம்பரை எழுதிவிட்டு, வரிசையில் நிற்காமல் தனி மைதானத்தில் வண்டியைப் போட்டுவிடலாம். முறை வருவதற்கு 40 நிமிடம் முன்னால் போன் வரும், எழுந்து முகம் கழுவிவிட்டு வாருங்கள், அவசரமில்லை என்பார்கள். முகம் கழுவக் குழாயும் இருக்கிறது, சுத்தமான கழிப்பறையும் இருக்கிறது. முதல் தடவை அங்கே போனபோது போன் வரும் வரை ஆறு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன், எழுந்தபோது எந்த ஊர் என்று ஒரு கணம் புரியவில்லை, அப்படி ஒரு தூக்கம். நிதானமாக ரிவர்ஸ் போட்டேன், ஒரே தடவையில் டாக்கில் போய் உட்கார்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் திரும்பி வரும் வழியில் எட்டு கிலோமீட்டர் இறக்கம், எந்த வளைவில் என்ன கியரில் இருந்தேன் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த குடோனுக்கு லோடு இருக்கிறது என்று தெரிந்தால், வாடகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும், நானே ஆபீஸுக்குப் போன் போட்டு எனக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.